அமராவதி கல்யாணத்துக்கு வந்த உப்பு

அமராவதியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துக் காறித் துப்புவதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. என் பெயர் சின்னப்பாப்பா. பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், வயது நாற்பத்தொன்பது ஆகிறது. மரக்காணம் உப்பளத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் கூடை சுமக்கிறேன். பத்தாவது வரை படித்தவள் என்பதால் அளத்துப் பெண்களுக்கு மனு எழுதித் தருவதும் நான்தான். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், மழைக்கால நிவாரணம் எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். அமராவதி போலீசுக்குக் கொடுத்த புகாரும் என் கையெழுத்தில்தான் போனது.

அது 2013 மாசி மாதம். அவளுக்கு இருபத்து மூன்று வயது. பிரம்மதேசம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். வாய் ஓயாத பெண். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டும் பேசுவாள், இறக்கி வைத்துவிட்டும் பேசுவாள். வெயில் ஏறினால் உப்பு வார முடியாது என்பதால் விடிவதற்கு முன்பே நாங்கள் அளத்தில் இறங்கிவிடுவோம். அன்றைக்கு மேஸ்திரி சக்கரபாணி, மோட்டார் கொட்டாயில் இருக்கும் காலிச் சாக்குகளை எடுத்துவரச் சொல்லி அவளை அனுப்பினான். கொஞ்ச நேரம் கழித்து அவனும் போனான். உள்ளே டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் எழுத மாட்டேன். எழுதினால் அந்த இடத்தை மட்டும் தேடிப் படிக்க ஒரு கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் ஊரிலேயே பாதிப் பேர் அந்தக் கூட்டம்தான்.

நான் வரப்பில் கூடையோடு வந்துகொண்டிருந்தேன். சக்கரபாணி கொட்டாயிலிருந்து வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். பொழுது விடிந்துவிட்டிருந்தது. அவன் முகத்தைப் பத்தடி தூரத்தில் பார்த்தேன். என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா வேடிக்கை, போய் வேலைய பாரு" என்றான். அவன் போன பிறகு நான் உள்ளே போனேன். அவளை எழுப்பி, என் சேலை முந்தானையால் சுற்றி, வெளியே கொண்டுவந்தேன். அன்று மத்தியானமே உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்லப் புகார் எழுதினேன். அதுவரை நான் மனுஷியாகத்தான் இருந்தேன்.

அதன் பிறகு ஊர் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. பெரிய மனிதர்கள் பத்துப் பேர் கூடி உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு வருத்தம்தான். "சக்கரபாணிக்குக் கல்யாணம் ஆயிட்டுதே, இல்லன்னா அவனுக்கே கட்டி வச்சிருக்கலாம்" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒரு பெண்ணை நாசம் செய்தவனுக்கே அவளைச் சோறாக்கிப்போட அனுப்ப முடியவில்லையே என்று அவர்களுக்கு அத்தனை துக்கம். நல்ல வேளை, அவன் பெண்டாட்டி உயிரோடு இருந்தாள்.

அமராவதியை மாமன் மகன் ராஜவேலுக்குப் பேசி வைத்திருந்தார்கள். பேசி வைத்தது மட்டுமில்லை, இரண்டு பேருக்கும் ஆசையும் இருந்தது. அவனோடு போனில் பேசிவிட்டு வந்தால் அன்று முழுக்க அவள் கூடைக்குக் கனமே இருக்காது. விஷயம் கேள்விப்பட்டு அவன் வந்தான். வந்து அவளிடம் கேட்டது ஒரே கேள்வி.

"நீ கத்தினியா?"

"கத்தினேன்."

"அப்புறம் ஏன் யாருக்கும் கேக்கல?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது என்று அவள் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த வருஷமே வேறு இடத்தில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. எங்களுக்கும் பத்திரிகை வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அமராவதி பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை குளித்தாள். தேங்காய் நாரால் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கை, கழுத்து எல்லாம் புண்ணாக்கிக்கொண்டாள். அந்தப் புண்ணோடு மறுபடி உப்பில் வேலைக்கு வந்தாள். "ஏண்டி இப்படிப் பண்ற, எரியலையா?" என்று கேட்டேன். "போவ மாட்டேங்குதுக்கா" என்றாள். எது என்று நான் கேட்கவில்லை. டீசல் வாடை அடித்தால் ஓரமாகப் போய் வாந்தி எடுப்பாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து தள்ளி நின்று, பஸ் வந்த பிறகு ஓடிவந்து ஏறுவாள்.

ஆனால் புகாரை மட்டும் வாபஸ் வாங்கவில்லை. வாங்கச் சொல்லி வராத ஆள் இல்லை. பெற்ற அம்மா காலில் விழுந்தாள். அவள் அசையவில்லை. ஐந்து வருஷம் வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டுக்கு அலைந்தாள். அவள் பக்கம் இருந்த ஒரே சாட்சி நான்.

இனி என் பங்கு. அந்த ஐந்து வருஷத்தில் சக்கரபாணி மேஸ்திரி வேலையை விட்டுச் சொந்தமாக அளம் குத்தகைக்கு எடுத்துவிட்டான். நான் அவன் அளத்திலேயே கூடை சுமந்துகொண்டிருந்தேன். அவன் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. சாட்சி சொல்லப் போவதற்கு முந்தின நாள், மரியாதையாகத்தான் பேசினான். "அக்கா, உனக்கும் வயசாவுது. உப்பு வெளுப்பைப் பாத்துப் பாத்துக் கண்ணு மங்கியிருக்கும்ல?" என்றான். அவ்வளவுதான். அதற்கே நான் விழுந்துவிட்டேன். மறுநாள் கூண்டில் ஏறி, "இருட்டா இருந்துதுங்க, முகம் தெரியலைங்க" என்றேன். என் கையால் எழுதிய புகாரைக் காட்டி இது யார் கையெழுத்து என்று வக்கீல் கேட்டார். அவள் சொன்னதை எழுதினேன், நான் பார்த்ததை எழுதவில்லை என்றேன். இவ்வளவு சாமர்த்தியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. நாக்கு கூசவே இல்லை. அதுதான் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

அவனை விடுதலை செய்துவிட்டார்கள். அமராவதி சென்னைக்குப் போய் அப்பீல் போட்டாள். என்னோடு பேசுவதை அன்றே நிறுத்தினாள். சண்டை இல்லை, சாபம் இல்லை. வரப்பில் எதிரே வந்தால், ஒரு கல்லோ முள்ளோ கிடந்தால் எப்படி விலகிப் போவோமோ அப்படி விலகிப் போவாள். ஐந்து வருஷம் அப்படிப் போனாள்.

தீர்ப்புக்குப் பிறகு அவள் பக்கத்து அளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு அளத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். அங்கே நடப்பது எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாததைத் தனகோடி சொல்வாள். தனகோடி என்னோடு வேலை செய்கிறவள். அவள் தம்பி கன்னியப்பன் அந்தப் பக்கத்து அளத்தில் மண்வெட்டி பிடிக்கிறவன். ஊர் பெருமுக்கல். பெண்டாட்டி மஞ்சள் காமாலையில் செத்துப்போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. ஒரு வேலையை ஒன்பது தடவை யோசித்துச் செய்கிற மந்தமான ஆள். ஆனால் தன்னைவிடச் சின்னப் பெண்களைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவான். அதற்காகவே மற்ற ஆம்பளைகள் அவனைக் கிண்டல் செய்வார்கள்.

கூடை சுமப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அதை உப்பளத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். உப்புக் கூடையைத் தானாகத் தலைக்கு ஏற்ற முடியாது. மண்வெட்டி பிடிப்பவன் உப்பை அள்ளிப் போட்டு, ஒரு பக்கம் அவன் பிடிக்க, மறுபக்கம் நாம் பிடிக்க, இரண்டு பேருமாகத் தூக்கித் தலையில் வைக்க வேண்டும். வைத்த உடனே நம் இரண்டு கையும் மேலே போய்விடும். அவன் கை நம் முகத்துக்கு நேரே, மாருக்கு நேரே இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் அவன் என்ன செய்தாலும் நம்மால் கையை இறக்க முடியாது. இறக்கினால் அத்தனை உப்பும் கழுத்தில் விழும். நல்லவனாக இருந்தால் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவான். எல்லாரும் நல்லவர்கள் இல்லை.

முதல் நாள் கன்னியப்பன் தூக்கிவிட்டபோது அமராவதி கூடையைக் கீழே போட்டுவிட்டாள். போட்டுவிட்டு வரப்போரம் குந்தி வாந்தி எடுத்தாள். அவன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுநாள் காலையில் பார்த்தால், மண் நிரப்பிய சாக்குகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தான். காலிக் கூடையை அதன் மேல் வைத்து, அதிலேயே உப்பை அள்ளிப் போட்டு, நிரம்பியதும் நாலடி பின்னால் போய் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவள் தானே வந்து குனிந்து, தலையைக் கொடுத்து எடுத்துப் போனாள்.

"மகாராணிக்கு மேடை கட்டிட்டான்டா" என்று சிரித்தார்கள். சிரிப்பு பத்து நாள் இருந்தது. அதற்குள் அந்த அளத்துப் பெண்கள் ஒவ்வொருவராக அந்த மேடைக்கே கூடையைக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். ஐம்பது வயதுக்காரிகூடப் போனாள். யாரும் காரணம் சொல்லவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் இத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டு சுமந்திருக்கிறோம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அவர்கள் பழகியதை யாரும் காதல் என்று சொல்லியிருக்க முடியாது. அத்தனை மெதுவாக நடந்தது. டீ வாங்கி வந்தால் அந்தச் சாக்கு மேடையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போவான். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அவள், "ஏன், கையில குடுத்தா கை தேஞ்சிடுமா?" என்று கேட்டாளாம். தனகோடி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அமராவதி கிண்டல் பேசியிருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்கு அந்தச் சந்தோஷப்படும் உரிமை இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு நாள் வேலை முடிந்ததும் ஈசிஆர் ரோட்டு ஓரம், பட்டப்பகலில், ஜனங்கள் போய்வருகிற இடத்தில் நின்றுகொண்டே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஊருக்கே தெரிந்த கதைதான், ஆனால் அவள் வாயால் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அந்தப் பழைய கேள்விக்காகக் காத்திருந்தாளாம். அவன் வெகு நேரம் யோசித்தான்.

"அப்பீல் கேஸு எப்ப வருதுங்க? நான் கூட வரட்டுமா, வேணாமா?"

"வேணாம்."

"சரிங்க."

அவன் போகவில்லை. அதற்கு அடுத்த வாய்தாவுக்கு அவளே கூப்பிட்டாள், போனான். உள்ளே வராமல் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தான். திரும்பி வரும்போது மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ரோட்டைக் கடக்க வேண்டும். லாரியும் காரும் பறக்கிற ரோடு. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தாள். நான் எதிர்ப்பக்கம் காய் வாங்கிக்கொண்டு நின்றேன். ரோட்டைக் கடந்த பிறகும் அவள் கையை விடவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

2023 வைகாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அவளுக்கு முப்பத்து மூன்று, அவனுக்கு நாற்பது. பிரம்மதேசத்தில் சமுதாயக் கூடத்தில் வைத்துக்கொண்டார்கள். அமராவதி என்னைக் கூப்பிடவில்லை, தனகோடிதான் கூப்பிட்டாள். முகத்தைக் காட்டாமல் சமையல்கட்டில் காய் நறுக்கிவிட்டு வந்துவிடலாம் என்று போனேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணச் சமையல்கட்டில் முதலில் இறங்க வேண்டியது உப்பு. உப்பளத்துக் குடும்பம் என்றால் கடையில் வாங்குவது கௌரவக் குறைச்சல். அளத்திலிருந்து மூட்டை வரும். யார் வீட்டு மூட்டையை இறக்கிக்கொள்கிறோமோ அந்த வீட்டுக்கும் நமக்கும் வம்பு வழக்கு எதுவும் இல்லை என்று அர்த்தம். எத்தனையோ அண்ணன் தம்பிச் சண்டை இப்படி ஒரு மூட்டையில் தீர்ந்திருக்கிறது. யாரும் ஒன்றும் பேச வேண்டாம், மூட்டையை இறக்கினால் போதும்.

சமையல்கட்டில் இரண்டு மூட்டை இருந்தது. ஒன்று கட்டுப் பிரிக்காதது. இன்னொன்று பிரித்துப் பாதி காலியாகி, மேலே குங்குமம் வைத்து, சுவரோரம் தள்ளி ஒரு பழைய சாக்கால் மூடிக் கிடந்தது. சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். பச்சை மையில் சூலம் போட்டிருந்தது. அந்தச் சூலத்தை வருஷக்கணக்காக நானே அச்சு வைத்து அடித்திருக்கிறேன். சக்கரபாணி அளத்து உப்பு.

அதிகாலையில் டெம்போவில் வந்ததாம். "அளத்துலேர்ந்து குடுத்தாங்க" என்று டிரைவர் சொல்ல, தனகோடி எந்த அளம் என்று கேட்காமல் குங்குமம் வைத்து இறக்கிவிட்டாள். சமையல் மாஸ்டர் அதைத்தான் பொங்கலுக்கும் சாம்பாருக்கும் போட்டிருந்தார். காலைப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. இலையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"உப்பு நம்ம சக்கரபாணி வீட்டுதாம்பா."

"அப்ப சமாதானம் ஆயிட்டாங்க. அப்பவே ஆயிருந்தா இத்தினி வருஷம் கோர்ட்டுக்கு நடந்திருக்க வேணாம்."

அவன் வரவே தேவையில்லை. ஒரு மூட்டையை அனுப்பி, அவள் கல்யாணச் சோற்றிலேயே தன்னை உத்தமனாக்கிக்கொண்டுவிட்டான். இவர்கள் அதை நாக்கைச் சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தார்கள். நானும் காலையில் அந்தப் பொங்கலைத் தின்றிருந்தேன். நெய் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி வேறு கேட்டு வாங்கியிருந்தேன்.

அமராவதியிடம் சொன்னால் எனக்கு நாளைக்கு வேலை இருக்காது. சொல்லாவிட்டால் தாலி ஏறிவிடும், நாலு நாளில் ஊர் அவளிடமே சொல்லிச் சிரிக்கும். இரண்டையும் யோசித்துக்கொண்டு ஒரு கால்மணி நேரம் கத்தரிக்காய் நறுக்கினேன். என் புத்தி அப்படிப்பட்டது. பிறகு கத்தியை வைத்துவிட்டு மணப்பெண் அறைக்குப் போனேன். அவளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அமராவதி, சாப்பாட்டுல போட்டிருக்கிறது சக்கரபாணி அளத்து உப்பு. மூட்டை வந்து இறங்கியிருக்குது. ஊரு சமாதானம்னு பேசுது."

ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியல. நீதான் கேக்கணும்."

பூ வைத்துக்கொண்டிருந்தவள் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். பாதிப் பூ முதுகில் தொங்க, நேராக மணமேடைக்குப் போனாள். கன்னியப்பன் மாலையோடு மணையில் உட்கார்ந்திருந்தான். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். அவள் நின்றபடியே கேட்டாள்.

"உப்பு யாரு வீட்டுதுன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. தனகோடி தலையில் பழி போயிருக்கும், தாலியும் ஏறியிருக்கும். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"தெரியும். காலையில சமையக்கட்டுல பாத்தேன். அதுக்குள்ள போட்டுட்டாங்க. மீதிய மூடி வச்சிட்டு வேற மூட்டை வாங்கியாரச் சொன்னேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கல்யாணம் நின்னுடும்னு பயந்துட்டேன். தாலி கட்டினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அமராவதி முதுகில் தொங்கிய பூவைப் பிய்த்துக் கீழே போட்டாள்.

"எனக்கு எது தெரியணும், எது தெரியக் கூடாதுன்னு எப்பவும் வேற யாராவதுதான் முடிவு பண்றீங்க. நீயுமா?" என்றாள். பிறகு, "எனக்கு வேணாம்" என்றாள்.

அவன் எழுந்துவிட்டான்.

மணையிலிருந்து எழுந்து, மாலையைக் கழற்றி, மடித்து மணை மேலேயே வைத்தான். அதற்குப் பிறகுதான் ஊர் வாயைத் திறந்தது. அவன் தாய்மாமன் தட்சணாமூர்த்தி மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"டேய், ஒக்காருடா. பொம்பள ஒரு வார்த்த சொன்னான்னு மணைய விட்டு எந்திரிப்பியா? ஒரு உப்புக்கு இத்தினி வேஷமா? அவளுக்கு நீ வாழ்க்க குடுக்கிறியே, அத நெனச்சுப் பாத்தாளா அவ?"

"அவங்க வேணாம்னுட்டாங்க மாமா."

"முகூர்த்தம் போவுதுடா."

"போவட்டும் மாமா. அவங்க வேணாம்னுட்டாங்க."

அவர் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். அவன் உட்காரவில்லை. அமராவதி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு அம்மாவோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

கல்யாணம் நின்றது. பந்தி நிற்கவில்லை. "ஆக்குன சோறு வீணாப் போவுமே" என்று யாரோ சொன்னார்கள், இலை போட்டுவிட்டார்கள். வாழ்க்கை கொடுப்பதைப் பற்றிப் பேசிய தட்சணாமூர்த்தி முதல் வரிசையில் உட்கார்ந்து சாம்பாரைப் பிசைந்தார். அவள் திமிரைப் பற்றியும், கெட்டுப்போனவளுக்கு இது ஆகாது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே ரசம், மோர் வரைக்கும் போனார்கள். எனக்கு அந்தக் கூடத்து வாசலில் காறித் துப்பிவிட்டு வரத் தோன்றியது. துப்பிவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் அமராவதி வீட்டுக்குப் போனேன். அவள் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குக் கோர்ட்டுல நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அது பொய்யின்னு எனக்குத் தெரியும்க்கா. எங்கிட்ட எதுக்குச் சொல்ற? வக்கீல்கிட்டப் போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். பொய்ச்சாட்சி சொன்னதற்கு என் மேலேயே கேஸ் வரலாம் என்றார் வக்கீல். வரட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். சக்கரபாணி அந்த வாரமே என்னை அளத்தை விட்டு அனுப்பிவிட்டான். அமராவதி வேலை செய்கிற அளத்திலேயே எனக்கு இடம் கிடைத்தது. அதற்காக அவள் என்னோடு பேசினாள் என்று நினைக்காதீர்கள், பேசவில்லை. அப்பீல் இன்னும் நடக்கிறது. அது முடிந்தாலும் அவள் பேசுவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

கன்னியப்பன் கல்யாணம் நின்ற நாலாம் நாள், காலை பத்து மணிக்கு அவள் வீட்டெதிரே ரோட்டில் நின்று, எல்லாரும் கேட்கும்படி, "தப்பு என்னுது. பேசணும்னு தோணுனா கூப்பிடுங்க. கூப்பிடலைன்னா நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடி வரவில்லை. அளத்தில் மண்வெட்டியைப் பிடித்தான், உப்பை அள்ளினான், திரும்பி நின்றான். அவன் மாமன் கூனிமேட்டுக்குப் பக்கத்தில் வேறு பெண் பார்த்து வைத்தார். போக மாட்டேன் என்றுவிட்டான்.

மூன்று வாரம் அவள் அவனைப் பார்க்கவே இல்லை. பிறகு ஒரு நாள் எல்லார் முன்னாலும் சண்டை போட ஆரம்பித்தாள். அப்பா, என்ன சண்டை. பத்து வருஷமாக அடக்கி வைத்திருந்த வாய் முழுக்கத் திறந்தது. நீ எப்படி மறைக்கலாம், நீயும் அவங்களும் ஒண்ணா, உன்னை நம்பினேனே என்று கத்தினாள், அழுதாள், ஒரு கூடையைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தாள். அவன் நடுநடுவே, "ஆமாங்க", "தப்புதாங்க" என்றான். ஒரு இடத்தில் மட்டும், "இல்லைங்க, உங்களை அவமானப்படுத்தணும்னு நெனைக்கல" என்று மறுத்தான். அவள் ஓய்ந்ததும், அவன் வாய்க்காலில் இறங்கிக் கூடையை எடுத்துவந்து கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான். மறுநாளும் சண்டை. அதற்கு மறுநாளும். ஒரு ஆம்பளையிடம் பயமில்லாமல் கத்த முடிகிறது, கத்தினால் அவன் அடிக்கவோ ஓடவோ மாட்டேன் என்கிறான் என்பதை அவள் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். பெண்கள் நாங்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தோம்.

சண்டை எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. ஆவணி மாதம். லாரிக்கு உப்பு ஏற்றிக்கொண்டிருந்தோம். பத்துப் பதினைந்து பேர் இருந்தோம், நல்ல வெயில். அமராவதி நிரம்பிய கூடையை எடுக்காமல் அவன் எதிரே போய் நின்றாள்.

"வியாழக்கெழம லீவு போடு. திண்டிவனம் போவணும்."

"எதுக்குங்க?"

"ரிஜிஸ்டர் ஆபீசுக்கு. சாப்பாடு, பந்தி எதுவும் வேணாம்."

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். வழக்கம்போல வெகு நேரம் யோசித்தான். லாரிக்காரன் ஹாரன் அடித்தான், யாரும் திரும்பவில்லை.

"நான் உங்ககிட்ட மறைச்சவன். நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்" என்றாள் அமராவதி. "நான் வேணாம்னு சொன்னதும் எந்திரிச்ச ஆம்பள நீ ஒருத்தன்தான்."